பன்றி தொடாத கிழங்கு

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் கஞ்சியைக் கண்டிப் பக்கத்தில் முதன்முதலில் காய்ச்சியவன் நான்தான். மறுப்பவர் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். எந்த ஆலையின் வாய்க்காலிலிருந்தும் ஒரு கிளாஸ் கறுப்புத் தண்ணீர் எடுத்து வரட்டும். படிகாரம் கொஞ்சம் போட்டு, என் கஞ்சியில் ஒரு கரண்டி விட்டு, மெதுவாகக் கலக்கி மேசையில் வைப்பேன். வந்தவர் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அழுக்கெல்லாம் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். கோட்டுப் போட்ட முதலாளிமார் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். நான் படித்ததோ நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை.

இவ்வளவு பெருமையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதில் பெருமைக்கு இடமில்லை.

பையனாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு இறங்கிக் கண்டியில் ஒரு நெசவாலையில் சேர்ந்தேன். பாவு நூல் அறுந்து போகாமலிருக்கக் கஞ்சி போட வேண்டும். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது என் வேலை. மிஞ்சுவதைச் சாய வாய்க்காலில் கொட்டுவேன். கொட்டும் நாட்களில் மட்டும் வாய்க்காலின் அடியில் சிவப்பும் நீலமுமாகத் தயிர்க்கட்டி போல ஏதோ தேங்குவதையும், மேலே போகும் தண்ணீர் வெளுத்துப் போவதையும் நான்தான் பார்த்தேன். அதே வாய்க்காலைத் தினமும் தாண்டிப் போன வேறு எவர் கண்ணிலும் அது படவில்லை.

சாயங்களுக்குப் பொறுப்பாக இருந்த யாழ்ப்பாணத்து ஐயாவிடம் கூட்டிப் போய்க் காட்டினேன். குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"உம்மட கஞ்சி என்ன செய்யுது எண்டு விளங்குதோ?"

"ஒட்டுதுங்க ஐயா."

"ஓம், அதுதான். இந்தத் துகள் எல்லாம் ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டு நிக்கும். அதாலதான் அடங்காது. படிகாரம் போட்டா அந்தத் தள்ளுமுள்ளு நிண்டுடும். பிறகு உம்மட கஞ்சி நீளமான நூல் மாதிரிப் போய் எல்லாத்தையும் கோத்து மூட்டையாக் கட்டும். மூட்டை பாரம்தானே, கீழ போகும்."

அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயரும் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. மூட்டைக் கஞ்சி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். பின்னாளில் என் கேன்களில் ஒட்டியதும் அந்தப் பெயர்தான்.

அடுப்பில் காய்ச்சும் கஞ்சி இரண்டு நாளில் புளித்து நாறும். காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டுக் கிண்டினால் நெருப்பே இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு மா வெந்து, பால் போல இருந்தது கண்ணாடி போலப் பளபளவென்று இறுகி, வாரக்கணக்கில் கெடாமல் நிற்கும் என்று சொல்லித் தந்தவரும் அந்த ஐயாதான். அளவு பிடித்தது மட்டும் நான். கை வெந்து வெந்து பிடித்தேன். ஆற்றில் சாயத்தை விடாதே என்று அரசாங்கத்து ஆட்கள் ஆலைகளைப் பிடிக்கத் தொடங்கிய காலம். வேலையை விட்டுவிட்டுக் கட்டுக்கலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டுச் சொந்தமாகத் தொடங்கினேன்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கொட்டில் எரிந்தது. நானும் மனைவியும் உடுத்தியிருந்த துணியோடு மாத்தளை ரோட்டில் நடந்தோம். ஐயா ஒரு பையோடு யாழ்ப்பாணம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் கிழங்கு மா வாங்கிய அக்குறணை முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், அலவத்துகொடையில் சும்மா கிடந்த தன் பழைய மிளகுக் கொட்டிலைத் திறந்து விட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் கூடை மூடியால் மூடிய சோறு கொண்டு வந்து வைத்தார்.

"கோழிதான் தங்கச்சி, பயப்படாம தின்னுங்க. மாட்டெறச்சி நீங்க தின்னமாட்டீங்கண்டு எனக்குத் தெரியும்" என்று என் மனைவியிடம் சொன்னார்.

அவர் விதவை. ஒரே மகன். அந்த ஊரில் அக்காவைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரை ராத்தா என்று கூப்பிடப் பழகினோம். என்னை அவர் தம்பி என்றார். அந்தச் சோற்றை நான் தின்றேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ராத்தா மாடு வளர்த்தார். எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாடு இல்லாத வீட்டார் அரிசி கழுவின தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் கீழே ஊற்றமாட்டார்கள். மாடு இருக்கிற வீட்டுக்கு எடுத்து வைப்பார்கள். அதுதான் கழனி. அலவத்துகொடையிலும் அப்படியே. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலியில் ராத்தா ஒரு வாளியைத் தொங்கவிட்டார். காலையில் என் மனைவி அதை நிரப்பி வைப்பாள். மத்தியானம் அது கழுவி மறுபடி தொங்கும்.

எங்கள் வீட்டுக் கழனி சும்மா கழனி இல்லை. கிழங்கைத் தோல் சீவி, துருவி, துணியில் போட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மா பாலாக இறங்கும். சிமெந்துத் தொட்டியில் அது படிந்த பிறகு மேல் தண்ணீரை இறுத்துவிட வேண்டும். பார்த்தால் அசல் அரிசித் தண்ணீர். கொஞ்சம் மாவும் கலந்திருக்கும். அதையும் என் மனைவி வாளியில் ஊற்றினாள். வருடக்கணக்கில் மாடு குடித்துக் கொழுத்தது. ரோட்டால் போகிறவர்களைக் கூப்பிட்டு, "என் தண்ணி குடிச்ச மாடு, பாருங்க" என்று நான் காட்டுவேன். ராத்தா சிரிப்பார்.

"மாடு ஏன்டது. பெரும ஒங்கடது."

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கோப்பையில் குடித்த ஊர்களிலிருந்து கேட்கக்கூடாத கொலைச் செய்திகள் வந்தன. அக்குறணைக் கடைகளில் ஆண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "வாங்க, என்ன வேணும்?" என்பார்கள். மரியாதை குறையவில்லை. பேச்சுத்தான் நின்றது.

ராத்தாவின் மகன் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத நாட்களில் ராத்தா தொழுகைப் பாயை விட்டு எழும்பவேயில்லை. பசுவை விற்றுவிட்டு அதன் ஆண் கன்றை மட்டும் வைத்திருந்தார். மகன் திரும்பி வந்தால், தன் கையால் வளர்த்த அந்தக் காளையை ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். குர்பானுக்கு அறுக்கிற மாட்டுக்கு வயது வந்திருக்க வேண்டும், நொண்டி, நோய், ஒரு குறை இருக்கக்கூடாது. மகன் திரும்பி வந்தான். தாடி வளர்ந்து, பேச்சுக் குறைந்து. அன்றிலிருந்து அந்தக் காளையை ராத்தா பிள்ளை போலப் பார்த்தார். கழுத்துக் கயிறு உரசிப் புண் வந்துவிடும் என்று பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார்.

"தங்கச்சி, கழனி கொஞ்சம் கூட ஊத்துங்க. பெருநாள் வரப் போவுது" என்று என் மனைவியிடம் வேலிக்கு மேலால் சொன்னார்.

அதே சமயத்தில்தான் என் மூளை வேலை செய்தது. ரோடுகள் அடைபட்டுச் சாப்பாட்டுச் சாமான் குறைந்ததால் ஊரெல்லாம் மரவள்ளி தின்றது. எனக்குக் கிழங்கு கிடைக்கவில்லை. ஆலைகளோ கஞ்சி கேட்டு ஆள் அனுப்பின. மாத்தளைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வேலி ஓரமாக வேறொரு மரவள்ளி நிற்பதைப் பார்த்தேன். காட்டுப் பன்றி வந்தால் முதலில் வேலிக் கிழங்கைக் கடிக்கும். அது கடுங்கசப்பு. பன்றி அப்படியே திரும்பிப் போய்விடும். அதற்காகவே நட்டிருந்தார்கள். மனிதன் தின்றால் மயங்கி விழுவான். யாருக்கும் வேண்டாத கிழங்கு, ஆனால் மா ஏராளம். அத்தனையையும் நான் பேசி எடுத்தேன். பன்றி தொடாத கிழங்கைக் காசாக்கியவன் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். துருவ வந்த பெண்களிடம், "ஒரு துண்டும் வாயில போட்டுறாதீங்க, நஞ்சு" என்று தெளிவாகச் சொன்னேன்.

வாளியை நினைக்கவில்லை. மனைவியிடம் கிழங்கு மாறியதையும் சொல்லவில்லை. தொழில் விஷயம் பெண்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

புதுக் கிழங்கின் முதல் தண்ணீர் இறுத்த அன்று காலை, நான் கேன்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ராத்தாவின் குரல் கேட்டது.

"தம்பி! தம்பி! ஏன்ட மாட்டுக்கு என்னமோ ஆகீக்கி. கால் நிக்குதில்ல!"

ஓடினேன். காளை முன்னங்காலை மடித்து விழுந்து கிடந்தது. வாயில் நுரை. காற்றைத் தேடுவது போல மூக்கை மேலே தூக்கித் தூக்கி இழுத்தது. பக்கத்தில் வாளி சாய்ந்து கிடந்தது. அடியில் வெள்ளையாக மா. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது.

மகன் ஏற்கனவே பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவர ஓடியிருந்தான். உயிர் போகுமுன் ஓதி அறுத்தால்தான் இறைச்சி தின்ன ஆகும். தானாகச் செத்தால் ஆகாது, புதைக்கத்தான் வேண்டும். குர்பான் தவறினாலும் இறைச்சியாவது ஏழைகளுக்குப் போகட்டும் என்று ராத்தா நினைத்திருக்க வேண்டும். செய்தி கேட்டுப் பெண்கள் இறைச்சி வாங்கப் பேசின் சட்டிகளோடு வந்துவிட்டார்கள். சாமான் தட்டுப்பாடான காலம். பிள்ளைகள் இறைச்சியைக் கண்டு நாளாகியிருந்தது. லெப்பை கத்தியோடு வந்து மாட்டின் தலையை மேற்குப் பக்கம் திருப்பச் சொன்னார்.

நான் சொல்ல வேண்டிய நேரம் அது. நஞ்சு குடித்த மாடு, இறைச்சியைத் தின்னாதீர்கள் என்று நாலு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று என் தலை கணக்குப் போட்டது. தமிழன், முஸ்லிம் வீட்டு நேர்ச்சை மாட்டுக்கு நஞ்சு வைத்தான் என்பார்கள். அதுவும் இந்த வருடத்தில். ஒரு கொட்டில் எரிந்ததை நான் பார்த்தவன். எங்கே போனாலும் நாலு பேருக்கு முன்னால் நிற்காமல் பேசும் என் வாய் அன்று திறக்கவில்லை.

பின்னால் என் மனைவி வந்து நின்றாள். வாளியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, நேத்து எந்தக் கெழங்கு அரைச்சீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும்.

"லெப்பை, அறுக்காதீங்க!" என்று கத்தினாள். "எங்க வீட்டுத் தண்ணி குடிச்சிருக்கு. நாந்தான் ஊத்தினேன். நஞ்சுக் கெழங்குத் தண்ணி. யாரும் திங்காதீங்க!"

கத்தி நின்றது. கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார்.

"வாளி வெச்சுப் பழகினா இப்பிடித்தான். கெழக்குல செஞ்சது பத்தல்லயா ஒங்கட ஆக்களுக்கு?"

கிழக்கிலிருந்து வந்த மகன் அவர் பக்கம் திரும்பினான். "கெழக்குல நீங்க ஈந்தீங்களா? நான் ஈந்தன். என்னய லொறிக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்ததும் ஒரு தமிழன்தான். வாயப் பொத்துங்க."

ராத்தா மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமா தம்பி?"

"ஆமாங்க ராத்தா. வேணும்னு செய்யலீங்க."

"வேணுமுண்டு செய்யல்ல. அது எனக்குத் தெரியும்." மாடு கடைசியாக ஒரு தரம் உதைத்தது. "ஆனா அந்தக் கெழங்கு நஞ்சுண்டு ஒங்களுக்குத் தெரிஞ்சீந்திச்சே."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னை ஏசினார் என்றோ சாபம் போட்டார் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஏசியிருக்கலாம்.

காளையை மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் புதைத்தோம். குழி தோண்டியதில் பாதி நான். மண் போட்டு முடித்த பிறகு லெப்பை என்னிடம் நிதானமாகச் சொன்னார்:

"தானா மௌத்தாப் போனா ராத்தாக்குக் கடம இல்ல. இது ஒங்களால போனது. அதே மாதிரி ஒண்டு நீங்க குடுக்கோணும்."

மறுநாளே நல்ல காளையாக, வயது வந்ததாக வாங்கி வருகிறேன் என்று ராத்தாவிடம் போய் நின்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் நேந்தது வளத்துக் குடுக்க. வாங்கிக் குடுக்க இல்ல. சின்னக் கன்டு ஒண்டு பாருங்க. நம்மட ரெண்டு வீட்டுக் கழனிலயும் வளரட்டும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் மாட்டிறைச்சி தொட்டதில்லை. லயத்தில் மாட்டுப் பொங்கலன்று என் அம்மா பசுவுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள். அப்படி வளர்ந்த நான், அறுக்கக் கொடுப்பதற்காக ஒரு கன்று தேடி மனைவியோடு மாத்தளைப் பக்கம் போனேன். ஒரு சிங்களக் கிழவரிடம் கைக்கு அடக்கமான செவலைக் கன்று ஒன்று நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுழி. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வெட்டவா, வளர்க்கவா? வெட்டுவதற்கென்றால் தரமாட்டாராம். வளர்க்கத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என் மனைவியின் பொட்டைப் பார்த்து நம்பினார். கன்றின் முதுகைத் தடவிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொழிலை விடவில்லை. கஞ்சி இல்லாவிட்டால் ஆலைகள் மறுபடி ஓயா ஆற்றில் சாயத்தை விடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. எனக்கும் வேறு வேலை தெரியாது. அதுவும் உண்மை. கசப்புக் கிழங்கின் தண்ணீருக்கு வேலி போட்டுத் தனிக் குழி வெட்டினேன். வெயிலில் நாட்கணக்கில் புளிக்க விட்டு நஞ்சு போன பிறகுதான் திறந்தேன். கோழி கூட அந்தப் பக்கம் போகாதபடி பார்த்தேன். ஆலை ஆலையாகப் போய்க் கிளாசில் கலக்கித் தெளிய வைத்துக் காட்டினேன். முதலாளிமார் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து வேலியில் அந்த வாளியைப் பார்த்தால் எடுத்து மறுபடி ஒரு தரம் கழுவுவேன்.

வாளியை நிரப்பும் வேலையை மனைவியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். வெறும் அரிசித் தண்ணீர், வடித்த கஞ்சி, வேறொன்றும் இல்லை. ஊற்றுமுன் ஒரு கிளாசில் அள்ளி ராத்தாவின் கண் முன்னால் குடித்துவிட்டுத்தான் ஊற்றுவேன். யாரும் கேட்கவில்லை. நானாகத் தொடங்கினேன். முதல் சில நாட்கள் ராத்தா பார்க்காதது போல இருந்தார். ஒரு காலையில் சிரித்துவிட்டார்.

"தம்பி, மாட்டுக்கு மிச்சம் வெப்பீங்களா?"

"இது ஒரு கிளாசுதானுங்க ராத்தா."

"குடிங்க குடிங்க. கொழுத்தா ஒங்களயும் சேத்துக் குடுத்துருவன் பெருநாளைக்கி."

வேலிக்கு இந்தப் பக்கம் என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஊர் என்னை மன்னித்துவிட்டது என்று நினைக்கிறேன். முன்பு துப்பியவர் கூட வந்து என்னிடம் மழைத் தண்ணீர்த் தொட்டியைத் தெளிய வைக்கக் கேட்டார்.

கன்று வளர்ந்தது. என் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். வாளியை வைத்துவிட்டு நான் திரும்பினால் சட்டை முனையைக் கடித்து இழுக்கும். வெள்ளைச் சுழியில் கை வைத்தால் கண்ணை மூடும். ஒரு பெருநாள் வந்து போனது. வயது போதவில்லை என்றார் லெப்பை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "அடுத்த பெருநாளும் வரும்ல" என்றாள்.

ஒரு நாள் ராத்தாவிடம் கேட்டே விட்டேன்: இதை விட்டுவிட்டு வேறு மாடு வாங்கித் தந்தால் ஆகாதா என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை.

"மொத காளய நான் மட்டும் எரக்கமில்லாமயா வளத்தன் தம்பி? பிரியமில்லாதத குடுத்தா அது குர்பானா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு கன்றிடம் போனேன்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளன்று காலையில் வாளியை நிரப்பவில்லை. முதல் பஸ்ஸில் ஏறிக் கண்டிக்குப் போனேன். அன்று எந்த ஆலையிலும் எனக்கு வேலையில்லை. வாவிக் கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்க எத்தனை பீப்பாய்க் கஞ்சி வேண்டும் என்று என் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. வெட்கமாக இருந்தது.

பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். மேசையில் மூடி வைத்த வட்டிலப்பம், பெருநாள் இனிப்பு. எங்களுக்கு ராத்தா ஒருபோதும் மாட்டிறைச்சி அனுப்பியதில்லை. அன்றும் அனுப்பவில்லை.

"ராத்தாவே கொண்டாந்தாங்க" என்றாள் மனைவி. "நேர்ச்சை தீந்துருச்சாம். தம்பிக்கு இனி ஒரு பாரமும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க."

"வேற?"

"மாடு அடங்கிப் படுத்துச்சாம். ஒங்களத்தான் தேடிச்சாம், வாசப் பக்கமே பாத்துக்கிட்டு."

வேலியில் வாளி கழுவிக் கவிழ்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மனைவி அரிசி கழுவிய சட்டியைப் பழக்கத்தில் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நானும் பழக்கத்தில் கிளாசில் அள்ளி ஒரு வாய் குடித்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிவரை போனேன். ராத்தா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பார்த்தேன். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் சட்டியோடு நின்றேன்.